விளக்கெண்ணெய் பாலியூரித்தேனும் சோயா எப்பாக்சியும்: வடசென்னைப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, மணலி, மாதவரம் பக்கம் சிறு பட்டறை நடத்துபவர்களும், புராஜெக்ட் செய்யும் பாலிடெக்னிக், இன்ஜினியரிங் மாணவர்களும் தாவர எண்ணெயிலிருந்து பாலியூரித்தேன், எப்பாக்சி போன்ற இறுகும் பிளாஸ்டிக் செய்வது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பதில்களில் பாதி எண்ணெயை அளப்பதைப் பற்றித்தான் இருக்கும். பேட்ச் கெட்டால் மிக்சரைத் திட்டுகிறோம்; கோளாறு பெரும்பாலும் டிரம்முக்குள்ளிருந்தே வந்திருக்கும்.

எந்த எண்ணெயில் தொடங்கலாம்?

விளக்கெண்ணெயில். அதில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம் இருப்பதால் ஐசோசயனேட் (எண்ணெயோடு வினைபுரிந்து அதைப் பாலியூரித்தேன் ஆக்கும் கெமிக்கல்) பிடித்துக்கொள்ள வேண்டிய ஹைட்ராக்சில் (ஓஹெச்) குழு பிறவியிலேயே உண்டு. ஒரு மூலக்கூறுக்குச் சராசரியாக 2.7 குழு. அது 2-ஐத் தாண்டுவதால்தான் வலையாகப் பின்னி இறுகுகிறது, பிறகு சூடாக்கினாலும் உருகுவதில்லை. சோயா, சூரியகாந்தி, ஆளிவிதை எண்ணெய்களில் இரட்டைப் பிணைப்புகள் மட்டுமே உள்ளன. அந்தப் பிணைப்புகளை முதலில் எப்பாக்சைடாக (ஆக்சிஜன் சேர்ந்த சிறு வளையமாக) மாற்ற வேண்டும். அது தனி வேலை, கீழே வருகிறது. தேங்காய் எண்ணெயை மறந்துவிடுங்கள். அதன் அயோடின் மதிப்பு (இரட்டைப் பிணைப்பு எவ்வளவு என்பதன் அளவு) 6 முதல் 11 வரைதான். சோயாவுக்கு 120-க்கு மேல், ஆளிவிதைக்கு 170-க்கு மேல்.

நாட்டு மருந்துக் கடை விளக்கெண்ணெய் போதாதா?

குழந்தை வயிற்றில் தடவப் போதும். கொட்டையை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு மேலே மிதப்பதை அள்ளுவது பழைய முறை. அந்த எண்ணெயில் ஈரமும் கசடும் கூடவே வரும். பட்டறைக்கு வேண்டியது ஃபர்ஸ்ட் ஸ்பெஷல் கிரேடு. கடையில் எஃப்எஸ்ஜி என்று கேட்டால் தெரியும். விளக்கெண்ணெய்க்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 435. அமில மதிப்பு (கட்டற்ற அமிலத்தின் அளவு) 2-ஐத் தாண்டாத சரக்காகப் பார்த்து வாங்குங்கள்.

மொத்தமாக ஏமாற்றியிருக்கிறார்களா என்று பார்க்க ஒரு சோதனை: சோதனைக் குழாயில் 1 மி.லி. எண்ணெய், 5 மி.லி. அப்சலூட் ஆல்கஹால் விட்டுக் குலுக்குங்கள். சுத்தமான விளக்கெண்ணெய் தெளிவாகக் கரைந்துவிடும். பாமாயிலோ கடலை எண்ணெயோ நிறையக் கலந்திருந்தால் பால்போலக் கலங்கும். 5, 10 சதவீதக் கலப்படம் இதில் தப்பித்துக்கொள்ளும். அதைப் பிடிக்க ஹைட்ராக்சில் மதிப்பு (எண்ணெயில் ஹைட்ராக்சில் குழு எவ்வளவு என்பதன் அளவு) பார்த்தே ஆக வேண்டும்.

ஹைட்ராக்சில் மதிப்பு சான்றிதழில் 163 என்று போட்டிருக்கிறது. மறுபடி ஏன் பார்க்க வேண்டும்?

சான்றிதழ் ஆலையை விட்டுக் கிளம்பிய லாட்டுக்கு உரியது. உங்கள் வாசலில் இறங்கிய டின் நடுவில் எத்தனை கை மாறியதோ! ஒரு மதியம் ஒதுக்கினால் வேலை முடிந்துவிடும்.

கூம்புக் குடுவையில் 1.5 கிராம் எண்ணெயைத் துல்லியத் தராசில் எடையிடுங்கள். அசெட்டிக் அன்ஹைட்ரைடு 1 பங்கு, பிரிடின் 3 பங்கு சேர்ந்த கரைசலில் 5 மி.லி. பிப்பெட்டால் விடுங்கள். எண்ணெய் இல்லாமல் இன்னொரு குடுவையிலும் இதே 5 மி.லி.; அது பிளாங்க். இரண்டையும் கண்டென்சர் பொருத்தி, கொதிக்கும் நீர்த்தொட்டியில் 1 மணி நேரம் வையுங்கள். பிறகு கண்டென்சர் வழியாக 10 மி.லி. தண்ணீர், இன்னும் 10 நிமிடம் சூடு. ஆறியதும் நடுநிலையாக்கிய பியூட்டனால் 25 மி.லி. விட்டு, பினாப்தலீன் காட்டியுடன் 0.5 நார்மல் ஆல்கஹாலிக் பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேட் செய்யுங்கள். பிளாங்க்குக்கும் சாம்பிளுக்கும் உள்ள மி.லி. வித்தியாசத்தை நார்மாலிட்டியாலும் 56.1-ஆலும் பெருக்கி, எண்ணெயின் எடையால் வகுத்து, அமில மதிப்பைக் கூட்டினால் விடை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பிளாங்க் சுமார் 53 மி.லி. வரும், சாம்பிள் 44 மி.லி. பக்கம் வரும். நீங்கள் நம்பியிருப்பது இரண்டுக்கும் நடுவே உள்ள 9 மி.லி.-க்கும் குறைவான வித்தியாசத்தை. அதில் 1 மி.லி. தவறினால் விடையில் கிட்டத்தட்ட 19 எண் தவறும். 50 மி.லி. பியூரெட் போதாமல் நடுவில் நிரப்பும்போதுதான் பிழை நுழைகிறது. மூன்று சாம்பிள், இரண்டு பிளாங்க் செய்யுங்கள். 3 எண்ணுக்குள் ஒத்து வராவிட்டால் சராசரி எடுக்காமல் திரும்பச் செய்யுங்கள். பிரிடின் நாற்றம் தெருவரை போகும், ஃபியூம் ஹுட் இல்லாமல் திறக்காதீர்கள். ஹுட் இல்லாதவர்கள் வெளி லேபில் கொடுப்பதே மேல்.

ஐசோசயனேட் எவ்வளவு சேர்ப்பது?

பாலிமெரிக் எம்டிஐ என்ற ஐசோசயனேட் என்று வைத்துக்கொள்வோம் (டிடிஐ என்ற இன்னொரு வகை எளிதில் ஆவியாகும், சிறு பட்டறைக்கு ஆகாது). கணக்கு இப்படி:

எண்ணெயின் ஈக்விவலண்ட் எடை (ஒரு மோல் ஹைட்ராக்சில் அடங்கிய எண்ணெயின் கிராம்) = 56,100 ÷ ஹைட்ராக்சில் மதிப்பு. 163 என்றால் 344. எம்டிஐக்கு 4,200 ÷ என்சிஓ (ஐசோசயனேட் குழு) சதவீதம். 31.5 என்றால் 133. 100 கிராம் எண்ணெயில் 0.29 ஈக்விவலண்ட், 5 சதவீதம் அதிகம் வைத்தால் 0.305, எம்டிஐ 40.7 கிராம்.

இப்போது டின்னில் இருப்பது உண்மையில் 140 மதிப்புள்ள கலப்பட எண்ணெய் என்று வையுங்கள். அதே 40.7 கிராம் ஊற்றினால் இண்டெக்ஸ் (ஹைட்ராக்சிலுக்கு எத்தனை மடங்கு ஐசோசயனேட் என்ற விகிதம்) 1.05-லிருந்து 1.22-க்குப் போய்விடும். மிச்சமிருக்கும் ஐசோசயனேட் காற்றின் ஈரத்தோடு வாரக்கணக்கில் வினைபுரியும். முதல் வாரம் பார்த்த கடினத்தன்மை ஒரு மாதத்தில் மாறியிருக்கும். கூடவே, ஹைட்ராக்சில் இல்லாத கலப்பட எண்ணெய் வலையில் சேராமல் உள்ளேயே கிடந்து, மெல்ல மேலே கசிந்து பிசுபிசுக்கும். வாங்கியவர் "பீஸ் வியர்க்குது சார்" என்று போன் செய்வது அதனால்தான்.

குமிழ், குமிழ், எப்போதும் குமிழ். ஏன்?

தண்ணீர். ஐசோசயனேட்டும் தண்ணீரும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். எவ்வளவு என்று ஒருமுறை போட்டுப் பார்த்தால் பயம் வரும். 100 கிராம் எண்ணெயில் 0.1 சதவீத ஈரம் என்பது 0.1 கிராம் தண்ணீர், இரண்டு சொட்டு. 30 டிகிரியில் அது சுமார் 138 மி.லி. வாயு. நீங்கள் வார்க்கும் கலவையின் கன அளவும் ஏறக்குறைய அவ்வளவே. இரண்டு சொட்டுத் தண்ணீர் வார்ப்பை இரட்டிப்பாக ஊதிவிட முடியும். அதே இரண்டு சொட்டு 1.5 கிராம் எம்டிஐயையும் தின்றுவிடும்.

வடசென்னையில் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி திறந்த டிரம் ஒரே இரவில் ஈரம் இழுக்கும். விளக்கெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிடத் தண்ணீரை விரும்புவது. ஏசி அறையிலிருந்து எடுத்த கேனை வெளியே கொண்டுவந்து உடனே திறந்தால் உள்சுவரில் வியர்வை படியும். கேன் அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே வையுங்கள்.

உலர்த்தும் முறை: எண்ணெயை 90 முதல் 100 டிகிரியில், கிளறிக்கொண்டே, 5 மில்லிபார் அளவு வேக்குவத்தில் 2 மணி நேரம். முதலில் நுரைத்துப் பொங்கும். பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரை அடங்கிய பிறகும் அரை மணி விடுங்கள். சிலிகா ஜெல் குழாய் பொருத்தி மூடியபடியே ஆறவிடுங்கள். கார்ல் ஃபிஷர் ஈரச் சோதனையில் 0.03 சதவீதத்துக்குக் கீழே வந்தால் வேலைக்கு ஆகும். வேக்குவம் பம்ப் இல்லாதவர்கள் 3 ஆங்ஸ்ட்ராம் மாலிக்யூலர் சீவ் பொடியை 250 டிகிரிக்கு மேல் வறுத்து, எண்ணெய் எடையில் 5 சதவீதம் கலக்கலாம். அந்தத் துளைக்குள் தண்ணீர் நுழையும், எண்ணெய் நுழையாது. வார்ப்பு தெளிவாக இருக்காது, அவ்வளவுதான். திறந்த சட்டியில் அடுப்பில் காய்ச்சுவது வேண்டாம்; காற்று பட்டு எண்ணெய் நிறம் மாறும்.

குமிழின் இடமே பாதி சொல்லிவிடும். வார்ப்பை நடுவே அறுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குண்டூசித் தலையளவில் எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருந்தால் எண்ணெயில் ஈரம். அடியிலும் ஓரத்திலும் மட்டும் வரிசையாக இருந்தால் அச்சில் ஈரம். மர அச்சு, பிளாஸ்டர் அச்சு என்றால் சந்தேகமே வேண்டாம். மேலே பெரிதாக நாலைந்து மட்டும் இருந்தால் கிளறும்போது புகுந்த காற்று. மேல்தோல் மட்டும் நுரைத்திருந்தால் அன்றைய வானிலை.

செய்முறையைச் சொல்லுங்கள்.

உலர்த்திய எண்ணெய் 100 கிராம், 35 டிகிரிக்கு ஆறியது. டைபியூட்டைல் டின் டைலாரேட் (வினையை வேகப்படுத்தும் கேட்டலிஸ்ட்) 0.02 கிராம், இதை நேராக எடையிட முடியாது, எண்ணெயிலேயே 1 சதவீதக் கரைசல் செய்துவைத்து 2 கிராம் எடுங்கள். நன்றாகக் கலந்த பிறகு எம்டிஐ 40.7 கிராம். 2 நிமிடம் கிளறுங்கள், சுவரையும் அடியையும் வழித்து வழித்து. பிறகு இன்னொரு சுத்தமான கப்பில் மாற்றி மறுபடி 1 நிமிடம். இந்த இரண்டாவது கப் வேலையைத்தான் எல்லோரும் சோம்பேறித்தனத்தால் விடுகிறார்கள். வார்ப்பில் அங்கங்கே ஒட்டும் திட்டுகள் முதல் கப்பின் சுவரிலிருந்து வழிந்தவை.

வேக்குவத்தில் 3 முதல் 5 நிமிடம் வையுங்கள். கலவை பொங்கி எழும், கப் நான்கு மடங்கு பெரிதாக இருக்கட்டும். 50 டிகிரிக்குச் சூடாக்கி மெழுகு பூசிய உலோக அச்சில் ஓரமாக, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். ஒரு இரவு அறைச் சூட்டில், பிறகு 80 டிகிரி அவனில் 4 முதல் 6 மணி நேரம். விளக்கெண்ணெயில் உள்ளது செகண்டரி ஹைட்ராக்சில், நிதானமாகத்தான் வினைபுரியும். அவசரப்பட்டு கேட்டலிஸ்டைக் கூட்டினால் குமிழ் வெளியேறுமுன் இறுகிவிடும். அரை கிலோவுக்கு மேல் ஒரே கட்டியாக வார்த்தால் நடுவில் வெப்பம் தங்கும், விரிசல் வரும்.

இறுகவில்லை, ஒட்டுகிறது. தூக்கிப் போடுவதா?

உடனே வேண்டாம். 80 டிகிரியில் இன்னும் 4 மணி வைத்துப் பாருங்கள். சரியானால் வினை முடியாமல் இருந்தது, கேட்டலிஸ்ட் குறைவு. முழுதும் ஒரே மாதிரி மென்மையாக இருந்தால் எம்டிஐ போதவில்லை, அல்லது அதைத் தண்ணீர் தின்றுவிட்டது. திட்டுத் திட்டாக என்றால் கலக்கல் சரியில்லை; அதற்கு மருந்து கிடையாது.

சோயா எண்ணெயை எப்பாக்சைடாக்குவது எப்படி?

அயோடின் மதிப்பு 130 உள்ள எண்ணெய் 100 கிராமில் 0.51 மோல் இரட்டைப் பிணைப்பு. அதற்கு கிளேசியல் அசெட்டிக் அமிலம் 15 கிராம், அமில வடிவிலுள்ள அயனிப் பரிமாற்ற ரெசின் (ஆம்பர்லைட் ஐஆர்-120 போன்றது) 20 முதல் 25 கிராம், எடைக்கணக்கில் 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 87 கிராம். பாட்டிலில் போட்டிருக்கும் 30 எடைக்கணக்கா கன அளவுக் கணக்கா என்று பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. சித்திரை வெயிலில் கடை மாடியில் கிடந்த பாட்டில் என்றால் பெர்மாங்கனேட் டைட்ரேஷனில் வலிமை பார்த்தே எடுங்கள்.

500 மி.லி. மூன்று கழுத்துக் குடுவை, கண்டென்சர் மேல்முனை திறந்தபடி, தெர்மாமீட்டர் திரவத்துக்குள். எண்ணெய், அமிலம், ரெசின் மூன்றையும் 50 டிகிரிக்குக் கொண்டுவந்து, பெராக்சைடை ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெப்பநிலை 55-ஐத் தாண்டினால் சொட்டை நிறுத்துங்கள். முடிந்தபின் 60 டிகிரியில் 6, 7 மணி நேரம்.

இந்த வினை ஒரு மோல் இரட்டைப் பிணைப்புக்கு ஏறக்குறைய 230 கிலோஜூல் வெப்பம் விடும். 100 கிராம் எண்ணெயின் வெப்பம் முழுதும் ஒரே மூச்சில் வெளிவந்தால் குடுவை கொதித்து எழுந்துவிடும். பனிக்கட்டித் தொட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எக்காரணம் கொண்டும் பாத்திரத்தை மூடாதீர்கள். பத்து மடங்கு பெருக்க நினைத்தால் பத்து மடங்கு பெரிய குடுவை வாங்குவது தீர்வாகாது; அளவு கூடக்கூட வெப்பம் வெளியேறும் பரப்பு ஒப்பீட்டில் குறைகிறது.

கழுவுவதற்கு போர் தண்ணீர் கூடாது. நம் பக்கம் உப்பும் இரும்பும் கலந்த தண்ணீர். இரும்பு பட்டால் பெராக்சைடு பொங்கும். காய்ச்சி வடித்த வெதுவெதுப்பான நீர், பிறகு 5 சதவீத சோடியம் பைகார்பனேட், மறுபடி நீர். குழம்பாகப் பிரியாமல் நின்றால் உப்புக் கரைசல் விடுங்கள். பெராக்சைடு சோதனைப் பட்டை நிறம் மாறாத நிலை வரும்வரை கழுவிய பிறகே 60 டிகிரி வேக்குவத்தில் உலர்த்த வேண்டும். பெராக்சைடு பட்ட கண்ணாடிச் சாமான்களை அசிட்டோனால் கழுவக் கூடாது. நிறைய தண்ணீர் மட்டும்.

ஆக்சிரேன் (எப்பாக்சைடு வளையத்து ஆக்சிஜனின் எடைச் சதவீதம்) 4-தான் வருகிறது. எங்கே தப்பு?

அயோடின் மதிப்பு 130 உள்ள எண்ணெய்க்குக் கணக்குப்படி உச்சம் 7.57 சதவீதம். 6-க்கு மேல் வந்தால் நல்ல பேட்ச். 4 என்றால், வினை பாதியில் நிற்கிறதா, அல்லது உருவான வளையம் உடைந்துபோகிறதா என்று பிரித்துப் பாருங்கள். அயோடின் மதிப்பை மறுபடி எடுங்கள். அது இன்னும் அதிகமாக இருந்தால் பெராக்சைடு வலுவில்லை, அல்லது கிளறல் போதவில்லை. அயோடின் மதிப்பு இறங்கியும் ஆக்சிரேன் இல்லையென்றால் வளையம் திறந்துவிட்டது: சூடு அதிகம், நேரம் அதிகம், அல்லது ரெசினுக்குப் பதிலாகக் கந்தக அமிலம். மணிக்கு ஒருமுறை சாம்பிள் எடுத்தால் ஏறி இறங்கும் இடம் கண்ணில் படும்.

அளப்பது: 0.4 கிராம் சாம்பிளை கிளேசியல் அசெட்டிக் அமிலத்தில் கரைத்து, கிரிஸ்டல் வயலட் இரண்டு துளி, அசெட்டிக் அமிலத்தில் கரைத்த 0.1 நார்மல் ஹைட்ரஜன் புரோமைடால் நீலப்பச்சை 30 வினாடி நிற்கும்வரை. மி.லி. × நார்மாலிட்டி × 1.6 ÷ எடை. அந்தக் கரைசல் நாளுக்கு நாள் வலுவிழக்கும், அன்றன்று தரப்படுத்துங்கள்.

பஜ்ஜிக் கடை எண்ணெயில் செய்யலாமா? சும்மாவே கிடைக்கிறதே.

கிடைக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி பாமோலின். அயோடின் மதிப்பு 58 என்று வைத்தால் ஆக்சிரேன் உச்சமே 3.5 சதவீதம். பொரித்துப் பொரித்துக் கூடிய கட்டற்ற அமிலம் உருவாகும் எப்பாக்சைடையே தின்னும். சோப்பு, பயோடீசலுக்குப் போகட்டும்.

எப்பாக்சி சோயாவை எதனால் இறுக்குவது? கடையில் விற்கும் ஹார்டனர் போதுமா?

சாதாரண அமீன் ஹார்டனர் வேலைக்காகாது. எப்பாக்சைடு சங்கிலியின் நடுவில் உட்கார்ந்திருப்பதால் அமீன் அதை எளிதில் எட்டாது. ஒரு வாரம் கழித்தும் தேன்போல ஓடும். மெத்தில் டெட்ராஹைட்ரோ தாலிக் அன்ஹைட்ரைடு போன்றது வேண்டும். ஆக்சிரேன் 6.5 உள்ள 100 கிராமுக்கு 54 முதல் 67 கிராம், இமிடசோல் வகைக் கேட்டலிஸ்ட் 1 சதவீதம், 140 டிகிரியில் பல மணி நேரம். வருவது மென்மையான பொருள்தான். விறைப்பு வேண்டுமானால் வழக்கமான பிஸ்ஃபினால் எப்பாக்சியைக் கணிசமாகக் கலக்க வேண்டியிருக்கும்.

காசிமேட்டு ஃபைபர் போட்டுக்கு இந்த ரெசின் ஆகுமா?

அதற்கு அக்ரிலேட் ஆக்கிய சோயா எப்பாக்சி வேண்டும், அதையும் ஸ்டைரீனில் கரைத்தால்தான் கண்ணாடியிழை மேட்டில் (விரிப்பில்) ஊறும். பெட்டி மூடி, பலகை என்று தொடங்குங்கள். கடலுக்குள் போகும் உடற்பகுதியில் சோதனை நடத்தாதீர்கள். இங்கேயும் பழைய விதிதான்: எம்இகேபியையும் (இறுக வைக்கும் பெராக்சைடு) கோபால்ட்டையும் (அதை வேகப்படுத்துவது) நேருக்கு நேர் கலக்கக் கூடாது, வெடிக்கும்.

எந்தச் சோதனைகள் கட்டாயம்?

ஷோர் கடினத்தன்மை, ஜெல் அளவு (கரைப்பானில் கரையாமல் மிஞ்சும் பங்கு), இழுவிசை. இந்த மூன்றும் இல்லாமல் டிஎஸ்சி, டிஜிஏ என்ற வெப்பச் சோதனைப் படங்களை மட்டும் ரிப்போர்ட்டில் ஒட்டுவது அலங்காரம்.

ஷோர்: குறைந்தது 6 மி.மீ. தடிமன், ஐந்து இடம், ஓரத்திலிருந்து 12 மி.மீ. தள்ளி. முள் தொட்ட 1 வினாடியில் படித்தீர்களா 15 வினாடியிலா என்று எழுதுங்கள். விளக்கெண்ணெய் ரப்பர் மெல்ல இறங்கும், இரண்டு எண்ணும் வேறுபடும். மேலே சொன்ன கலவை ஷோர் ஏ அளவில் பொதுவாக 80-க்கு மேல் இருக்கும். வார்த்து 7 நாள் கழித்து எடுங்கள். தர முறைகள் 23 டிகிரியில் கேட்கின்றன. மின்விசிறி மட்டும் உள்ள அறையில் மே மாதம் எடுத்த எண்ணை ஏசி அறை எண்ணோடு ஒப்பிட முடியாது.

ஜெல் அளவு மலிவானது, நேர்மையானது. அரை கிராம் துண்டுகளை எடையிட்டு சாக்ஸ்லெட் கருவியில் டொலுயீன் விட்டு 24 மணி நேரம் ஓட்டி, உலர்த்தி மறுபடி எடையிடுங்கள். 95 சதவீதம் மிஞ்சினால் வலை நன்றாகப் பின்னியிருக்கிறது. 85 என்றால் 15 சதவீதம் சும்மா ஊறிக்கிடந்த எண்ணெய். டின்னில் கலப்படம் இருந்ததை இந்தச் சோதனை கடைசியில் காட்டிக் கொடுத்துவிடும்.

இழுவிசைக்கு 2 மி.மீ. தடிமனில் வார்த்த தகட்டில் டம்பெல் வடிவம் வெட்டுங்கள், ஐந்து துண்டு, இழுக்கும் வேகம் நிமிடத்துக்கு 500 மி.மீ. கத்தரியால் வெட்டினால் ஓரத்துக் கீறலில் அறுந்து எண் பாதியாகும், டை (வெட்டும் அச்சு) வேண்டும். அறுந்த இடத்தில் குமிழ் இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள்.

எஃப்டிஐஆர் என்ற அகச்சிவப்பு நிறமாலையில் 2,270 செ.மீ.⁻¹ பக்கம் மேடு இருந்தால் ஐசோசயனேட் மிச்சம். சொந்தக் கருவி இல்லாதவர்களுக்கு கிண்டியில் சிப்பெட் என்ற மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் நேராகப் போகலாம். இறுகிய துண்டை மட்டும் எடுத்துச் செல்லுங்கள், கெமிக்கல் பாட்டிலை மெட்ரோவில் ஏற்றாதீர்கள்.

"100 சதவீதம் தாவரப் பொருள், மக்கும்" என்று லேபிள் போடலாமா?

இரண்டுமே கூடாது. 100 கிராம் எண்ணெயோடு சேர்க்கும் 41 கிராம் எம்டிஐ பெட்ரோலியத்திலிருந்து வந்தது. எடையில் 71 சதவீதம்தான் தாவரம். ஏஎஸ்டிஎம் டி6866 முறையில் கார்பன்-14 அளந்தால் ஏறக்குறைய அந்த எண்ணே வரும். மக்குவது வேறு விஷயம்; பின்னிய பாலியூரித்தேன் குப்பைக்குழியில் அப்படியே கிடக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் தடையிலிருந்து தப்ப "எண்ணெயில் செய்தது" என்ற வாதம் உதவாது.

மிச்சமான எம்டிஐயை என்ன செய்வது?

ஈரம் பட்ட எம்டிஐ கேனை இறுக்கி மூடாதீர்கள், வாயு சேர்ந்து கேன் வெடிக்கும். சிந்தியதை மணலால் மூடி அள்ளி, தண்ணீரில் 5 முதல் 10 சதவீத சலவை சோடாவும் கொஞ்சம் சோப்புத் திரவமும் கலந்த கரைசலை ஊற்றித் திறந்தபடி 48 மணி நேரம் வெளியில் வையுங்கள். பிறகு அபாயக் கழிவாக, உரிமம் பெற்றவர் மூலம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள மையத்துக்கு. கொடுங்கையூர் குப்பை வண்டியில் போடக் கூடாது. கை வைக்கும்போது நைட்ரைல் கையுறை, கண்ணாடி. சூடாக்கும்போதும் தெளிக்கும்போதும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாஸ்க். ஒருமுறை ஐசோசயனேட் ஆஸ்துமா வந்தவர் மறுபடி அந்த அறைக்குள்ளேயே போகக் கூடாது, மாஸ்க் போட்டிருந்தாலும்.